வால்டியூப் கிடைக்காத ஊரில்

என் சைக்கிளின் முன்கூடையில் ஒரு காக்கித் துணிப்பை எப்போதும் கிடக்கும். நேற்று மளிகைக் கடையில் பருப்பு நிறுத்த கையோடு அதையும் தராசில் வைக்கச் சொன்னேன். 2 கிலோ 100 கிராம் காட்டியது. விடைத்தாள் கட்டு, சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. சிவகங்கை மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து நெடுஞ்சாலையில் 8 கிலோமீட்டர், பிறகு உள்ளே பிரிகிற ரோட்டில் ஒன்றரை கிலோமீட்டர் போனால் நான் கணக்கு நடத்தும் பள்ளிக்கூடம் வரும். இந்தத் தூரத்துக்கு பம்பு, ஸ்பேனர், லீவர், உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டு, வால்டியூப், கந்தைத் துணி எல்லாவற்றையும் தினமும் சுமக்கிறேன். ஏன் என்றால், வழியில் பஞ்சரானால் ஒட்ட ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

அப்பா வைத்திருந்த சைக்கிளில் சீட்டுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல் பை தொங்கும். பம்பைச் சொருகி வைக்க பிரேமிலேயே இரண்டு முளை பற்றவைத்திருப்பார்கள். தட்டையான இரும்புத் தகட்டில் ஐந்தாறு அளவுக்குத் துளை வெட்டிய ஸ்பேனர் ஒன்று அந்தப் பைக்குள் இருக்கும். அந்த ஒரே ஸ்பேனரால் வண்டியின் முக்கால்வாசி நட்டைக் கழற்றிவிடலாம். சைக்கிள் என்றால் நடுவழியில் ஒருநாள் நிற்கத்தான் செய்யும் என்பதை அதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டு, அதற்கான வழியையும் வண்டியோடு சேர்த்துக் கொடுத்த காலம் அது. இத்தனைக்கும் அப்போது தெருவுக்குத் தெரு சைக்கிள் கடை இருந்தது. கடை இருந்த காலத்தில் பையும் இருந்தது. கடைகள் மூடிய பிறகு பையும் காணாமல் போய்விட்டது. இதை என்னவென்று சொல்வது?

நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முன்நின்றதில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறிப் பழகியவர்கள் நிறையப் பேர். என் அத்தையும் அதில் ஒருத்தி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குவாரி வேலைக்குச் சைக்கிளில் போய்வந்தாள். அவள் கேரியரில் தூக்குச்சட்டியைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. தேவைப்படவில்லை. வீட்டிலிருந்து குவாரி போகும் வழியில் மூன்று கடை இருந்தது. மரக்கிளையில் பழைய டயர் தொங்கினால் அடியில் கடை இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பேசின் கலங்கல் தண்ணீர், கிரீஸ் டப்பா, சாக்கின் மேல் பரப்பிய சாமான், மணிக்கணக்கு வாடகைக்கு நிற்கும் நாலு சைக்கிள். பஞ்சர் ஒட்டி முடித்து, காற்றடித்து, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி விட்டுக் கோட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் கடைக்காரத் தாத்தா காசு கேட்பார். பெண்ணுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும் என்று அன்றைக்கு இருந்ததற்கு, மரத்தடிக்கு மரத்தடி உட்கார்ந்திருந்த அந்தத் தாத்தாக்களும் ஒரு காரணம்.

இன்றைக்கு என் 8 கிலோமீட்டரில் பஞ்சர் கடை இரண்டு இருக்கிறது. டயரும் தொங்குகிறது. அது பைக் டயர். முதல்தடவை நான் தள்ளிக்கொண்டு போய் நின்றபோது அந்தத் தம்பி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சைக்கிளெல்லாம் இப்ப பாக்குறதில்ல டீச்சர். சொல்யூஷனே வைக்கிறதில்ல" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. டியூப்லெஸ் டயரில் ஆணியைப் பிடுங்கி ரப்பர் திரியைச் சொருகி விட்டால் ஐந்து நிமிஷத்தில் நூறு ரூபாய். சைக்கிளுக்கு டயரைப் பிரித்து, டியூபை உருவி, தண்ணீரில் முக்கி, சுரண்டி, ஒட்டி, காயவைத்து, திரும்ப மாட்ட அரைமணி நேரம் குனிந்தே கிடக்க வேண்டும். நாற்பது ரூபாய் கேட்டால் சைக்கிள்காரர் முகம் சுளிப்பார். அந்தத் தம்பிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பீஸ் கட்ட வேண்டும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் டயர் இறங்கிய வண்டியோடு ரோட்டில் நிற்பவருக்கு ஒரு வழி வேண்டாமா?

பெட்ரோல் பங்குக்குப் போனால் காற்று இலவசம் என்று பலகை இருக்கிறது. இலவசமாகத் தர வேண்டும் என்று விதியும் இருக்கிறது. அந்தக் குழாயின் வாய் கார், பைக் வால்வில்தான் உட்காரும். நம் சாதாரண சைக்கிளின் வால்வே வேறு. பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்த டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது 1888-ல். மூன்று வருஷம் கழித்து 1891-ல் உட்ஸ் என்பவர் கண்டுபிடித்த வால்வின் வழிவந்ததுதான் இன்றைக்கும் நம் ஊர்ச் சைக்கிளில் இருக்கிறது. பக்கத்தில் துளை போட்ட ஒரு சின்னப் பித்தளைப் பின். அதன்மேல் இழுத்து மாட்டிய ரப்பர்க் குழல். அந்தக் குழல்தான் வால்டியூப். பம்பிலிருந்து காற்று வரும்போது ரப்பர் விலகி வழிவிடும். உள்ளே போன காற்று திரும்ப வெளியேறப் பார்த்தால், அந்தக் காற்றே ரப்பரைத் துளையோடு சேர்த்து அழுத்தி வழியை அடைத்துவிடும். ஸ்பிரிங் இல்லை, ஊசி இல்லை. இத்தனை எளிமையான, கெட்டால் விரலாலேயே சரிசெய்யக்கூடிய ஒன்றை வேறு எந்த வண்டியிலும் நான் பார்த்ததில்லை.

வெயிலில் நின்று நின்று அந்த ரப்பர் வெந்து, ஒரு ஓரத்தில் கிழியும். காற்று இறங்கும். பஞ்சர் என்று நினைத்து டயரைப் பிரிப்பார்கள். சைக்கிள் நின்றால் முதலில் வால்டியூபைப் பார் என்பது எங்கள் ஊர்த் தாத்தாவிடம் நான் கேட்ட பாடம். சின்ன வயதில் நாலணா கொடுத்தால் ஒரு முழத்துக்குக் கிடைத்த பொருள். போன மாதம் எங்கள் ஊரில் ஐந்து கடை ஏறி இறங்கினேன். ஹார்டுவேர் கடைப் பையனுக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை. "அது என்ன டீச்சர், வால் டியூப்?" என்று கேட்டான். மதுரையில் இருக்கும் தங்கையிடம் சொல்லி ஒரு பாக்கெட் வரவழைத்தேன். வாங்கி வைத்தாலும் வருஷக்கணக்கில் தாங்காது. பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முகப்பவுடரைத் தடவி, மருந்துப் புட்டியில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அளவுக் குழப்பத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. என் லேடீஸ் சைக்கிளின் டயரில் 26 × 1⅜ என்று போட்டிருக்கும். மகனின் பழைய கியர் சைக்கிளில் 26 × 1.95. கடையில் போய் 26 டயர் என்று கேட்டு வாங்கி வந்தேன். மாட்டினால் தொளதொளவென்று நிற்கிறது. கேட்டு விசாரித்த பிறகுதான் தெரிந்தது. ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் ஒன்றில் 590 மில்லிமீட்டர், இன்னொன்றில் 559. இரண்டுக்கும் 26 என்றே பெயர். உண்மையான அளவு 37-590 என்று டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில், கறுப்பின் மேல் கறுப்பாக, அச்சாகியிருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு விரலால் தடவிப் படிக்க வேண்டும். பத்து வருஷம் சைக்கிள் டயர் விற்கிறவருக்கே அந்த எண் எதற்கென்று தெரியவில்லை. அதைப் பெரிய எழுத்தில் போட்டால் என்ன நஷ்டம்? வகுப்பில் ஒரு பிள்ளை 590-ஐயும் 559-ஐயும் ஒன்று என்று எழுதினால் நான் மார்க் போடுவேனா?

போன ஆடி மாதம். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். எதிர்க்காற்று மண்ணை வாரி அடிக்கிறது. உள்ரோடு நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில், எங்கள் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். பின்டயர் தரையோடு தரையாக இருந்தது.

"என்னம்மா, பஞ்சரா?"

"ஆமா டீச்சர்."

"எங்கிருந்து தள்ளிட்டு வர்ற?"

"ஸ்கூல்லேர்ந்தே டீச்சர்."

"வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

"ஆறு கிலோமீட்டர் இருக்கும். பரவாயில்ல டீச்சர், தள்ளிட்டே போயிருவேன். பழக்கந்தான்."

பழக்கந்தான் என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. பதினேழு வயதுப் பிள்ளை, காற்றில்லாத வண்டியை ஆறு கிலோமீட்டர் தள்ளுவதைப் பழக்கம் என்று சொல்கிறாள்.

வண்டியைப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோய் ஸ்டாண்டு போட்டோம். முதலில் வால்டியூபை உருவிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அப்படியானால் முள். நம் சைக்கிளில் பின்சக்கரத்தைக் கழற்றுவது என்பது பெரிய வேலை. ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு கம்பி எல்லாம் அந்த ஒரே அச்சில் வந்து சேர்ந்திருக்கும். அதனால்தான் மரத்தடித் தாத்தாக்கள் சக்கரத்தைக் கழற்றவே மாட்டார்கள். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி எடுத்து, டியூபை வெளியே உருவி, வண்டி நின்றபடியே ஒட்டுவார்கள். ஸ்பேர் டியூபை வைத்துக்கொண்டால் மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாமே என்று என் மகன் சொல்கிறான். நெம்பியைத் திருப்பினால் சக்கரம் கையோடு வந்துவிடுகிற அவன் சைக்கிளுக்கு அது சரி. எங்கள் வண்டிக்கு ஒட்டும் சொல்யூஷனும்தான் கதி.

அவளுடைய டிபன் டப்பா மூடியில் என் குடிதண்ணீரை ஊற்றினேன். டியூபில் கொஞ்சம் காற்றடித்து, சாண் சாணாக மூடித் தண்ணீரில் முக்கிக்கொண்டே வந்தோம். நூல் பிடித்த மாதிரி குமிழி கிளம்பியது. துடைத்துவிட்டு, பையிலிருந்த சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்தேன். சொல்யூஷன் டியூபைத் திறந்து பிதுக்கினால் எதுவும் வரவில்லை. இருபது நாளைக்கு முன்னால் வாங்கியது. ஒரே ஒரு தடவை திறந்து, மூடியை இறுக்கித்தான் வைத்தேன். இது ஒருதடவை நடந்ததில்லை, எல்லாத் தடவையும் இதே கதைதான். திறந்த சொல்யூஷன் நம் வெயிலில் பைக்குள்ளேயே காய்ந்துவிடுகிறது. இரண்டு கிலோ சாமானைச் சுமந்து வந்து, பத்து கிராம் பசை இல்லாமல் நடுரோட்டில் நிற்பதை விடக் கொடுமை உண்டா?

டியூபின் அடிப்பக்கத்தைக் கத்தியால் கீறிப் பிரித்தேன். காய்ந்த ரப்பர் தோலுக்கு நடுவில் மிளகளவு ஈரம் இருந்தது. தீக்குச்சியால் வழித்து வட்டத்துக்குள் தடவினேன். சீக்கிரம் காயட்டும் என்று அவள் ஊதப் போனாள். ஊதக் கூடாது, மூச்சின் ஈரம் பட்டால் ஒட்டாது. தடவியது மினுமினுப்பு அடங்கி, விரல் பட்டால் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தைப் பொறுக்காமல்தான் பலருடைய ஒட்டு மறுநாளே கிளம்பிவிடுகிறது.

காயும் நேரத்தில் முள்ளைத் தேட வேண்டும். அதை எடுக்காமல் டியூபை உள்ளே வைத்தால் பத்தடி போவதற்குள் மறுபடி இறங்கும். விரலை விட்டுத் தடவினால் விரல் கிழியும். என் நூல்சேலை முந்தானையைச் சுருட்டி டயருக்குள் விட்டு மெதுவாக இழுத்தேன். ஓரிடத்தில் நூல் மாட்டியது. கருவேல முள்ளின் நுனி, ரப்பருக்குள்ளேயே ஒடிந்து, வெளியில் புள்ளியாகக்கூடத் தெரியவில்லை. எங்கள் பக்கம் சீமைக்கருவேல் ரோட்டோரம் முழுக்க மண்டிக் கிடக்கிறது. வெட்டிப்போட்ட முள்ளை அள்ளுவாரில்லை. நெடுஞ்சாலை ஓரத்திலோ வெடித்த லாரி டயரின் கம்பி, மயிரிழை கனத்தில் சிதறிக் கிடக்கும். லாரியைப் போக விட்டு ஓரமாக ஒதுங்குகிற சைக்கிளின் டயரில்தான் அது ஏறும்.

ஒட்டி, டயரை உள்ளே தள்ளி, காற்றடித்தோம். பம்பின் தோல் வாஷருக்குப் போன வாரம்தான் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தேன். அது காய்ந்திருந்தால் எத்தனை அடித்தாலும் காற்று ஏறியிருக்காது. ஆறு மணிக்கு அவள் ஏறி மிதித்துப் போனாள்.

2001-ல் தொடங்கிப் படிப்படியாக விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டம், பத்தாவதோடு நின்றிருக்கக்கூடிய எத்தனை பெண்களைப் பிளஸ் டூ வரை கொண்டுவந்தது என்பதை வகுப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவள் நான். அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால்தான் சைக்கிள் கொட்டகையின் கடைசி வரிசையில் காற்றில்லாமல் சாய்ந்து கிடக்கும் வண்டிகளைப் பார்க்க வயிறு எரிகிறது. ஒன்றில் வால்வுப் பின்னை யாரோ பிடுங்கிவிட்டிருப்பார்கள், ஒன்றில் முள். அரைமணி நேர வேலைக்கு ஆளில்லாமல் ஒரு வண்டி வாரக்கணக்கில் நிற்கிறது. அந்தப் பிள்ளை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள், முதல் பீரியட் போகிறது. கொட்டகைத் தூணில் ஒரு பம்பைச் சங்கிலி போட்டுக் கட்டி, ஒரு சின்ன அலமாரியில் நாலு சாமான் வைத்தால் தீர்ந்துபோகும். கேட்டுப் பார்த்தேன். "அதுக்கு ஹெட் இல்லையே டீச்சர்" என்று பதில் வந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்க ஒரு கணக்குத் தலைப்பு வேண்டுமாம்.

போன மாதம் மகனுக்குப் புதுச் சைக்கிள் வாங்கப் போனோம். 18,000 ரூபாய். பம்பு தருவீர்களா என்றேன். "அது தனி மேடம்." பம்பு மாட்ட பிரேமில் இடம் இருக்கிறதா என்றேன். "பாட்டில் மாட்ட இருக்கு மேடம்." ஸ்பேனர்? இதற்கு ஸ்பேனர் ஆகாதாம், அலன்கீதான். 4, 5, 6 என்று மூன்று அளவு வேண்டும், அதுவும் தனி. வால்வைப் பார்த்தேன். மெல்லிய ஊசி மாதிரி, பங்குக் குழாய் சேராது. இடையில் திருக ஒரு பித்தளை மூடி வேண்டும், சுண்டுவிரல் நகத்தளவுதான். அதுவும் கடையில் இல்லை. பதினெட்டாயிரம் வாங்குகிறவர்கள் அந்த நகத்தளவு பித்தளையையும் ஒரு குட்டிப் பையையும் வண்டியோடு கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்? வழியில் நின்றால் பையன் என்ன செய்வான் என்று கேட்டேன். "போன் பண்ணுங்க மேடம், பாத்துக்கலாம்" என்றார். கடை எங்கள் ஊரிலிருந்து 50 கிலோமீட்டர்.

ஆக, ஒரே வீட்டில் இரண்டு சைக்கிள், இரண்டு வால்வு, இரண்டு டயர் அளவு, இரண்டு பை. மகனின் பையில் ஸ்பேர் டியூபும் வைத்திருக்கிறேன். அதையும் சும்மா போட்டு வைக்க முடியாது. ரோட்டின் குலுக்கலில் அலன்கீயோடு உரசி, மாட்டும் முன்னாலேயே ஓட்டை விழுந்துவிடும். பழைய காலுறைக்குள் திணித்து வைத்திருக்கிறேன்.

இன்றைக்குச் சொல்யூஷன் வாங்கப் போனேன். சின்ன டியூப் மூன்று கடையிலும் இல்லை. நாலாவது கடையில் லாரிக்காரர்களுக்கென்று வைத்திருந்த அரை லிட்டர் டப்பாதான் கிடைத்தது. வாங்கி வந்துவிட்டேன். சமையல்கட்டு அலமாரியில் வெயில் படாத மூலையில் இருக்கிறது. வாரத்துக்கு ஒருதடவை கொஞ்சம் ஊற்றிப் பைக்குள் கொண்டுபோக, இறுக்க மூடுகிற சின்னக் கண்ணாடிப் புட்டி ஒன்று வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வைத்திருக்கிறேன்.